பெரிய மனிதர்களுக்குப் பிறகு வரும் வீடு

சிஞோராவின் வீட்டுக்கு முதன்முதலில் வேலைக்குப் போனபோது, நடைவழிச் சுவரில் வரிசையாக மாட்டியிருந்த படங்களைப் பார்த்துவிட்டு, இது பெரிய குடும்பம்தான் என்று மனதுக்குள் மரியாதை வைத்துக்கொண்டேன். எல்லாம் பழைய கறுப்பு மையில் அச்சடித்த முகங்கள். ஒருவர் ஆயருக்குரிய தொப்பியோடு இருந்தார். ஒரு பெண் தொலைநோக்கிக் குழாயின் மேல் கை வைத்திருந்தாள். பொய்முடி வைத்த ஒரு தடித்த மனிதர், வட்டியும் முதலும் கேட்டு வந்தவர் போல எல்லோரையும் முறைத்துக்கொண்டிருந்தார். எங்கள் வீடுகளில் சுவரில் ஒரு முகம் தொங்கினால் அது ஒன்றில் சாமி, இல்லையென்றால் செத்தவர். வேறு யாருக்காகவும் நாங்கள் சுவரில் ஆணி அடிப்பதில்லை.

இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோ நகரத்துப் பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னால் இருக்கும் ஒரு பழைய கட்டடத்தில் மூன்றாம் மாடி அந்த வீடு. சிஞோராவுக்கு, அதாவது அந்த வீட்டு அம்மாவுக்கு, எண்பது கடந்துவிட்டது. இங்கிலாந்துக்காரி. மதில் சூழ்ந்த, உயர்ந்த கோபுரக் கோவில் ஒன்று நடுவில் நிற்கிற மிகப் பழைய ஊர் ஒன்றில் பிறந்து, அங்கே படிக்க வந்த பலெர்மோ மாணவர் ஒருவரை விரும்பிக் கட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டவர். அந்தக் கணவர் இறந்து, பக்கத்து ஊரான பகேரியாவில் தன் குடும்பக் கல்லறையில் கிடக்கிறார். பிள்ளைகள் இல்லை. நான் காலையில் வியா மக்வேதா தெருவில் இருக்கும் என் வீட்டிலிருந்து நடந்து போய், அவரைக் குளிக்க வார்த்து, சமைத்து, மத்தியானம் படுக்க வைத்துவிட்டு வருவேன். எங்களுக்குள் பேச்சு இத்தாலியனில்தான். அவருடையது புத்தக இத்தாலியன், என்னுடையது சந்தை இத்தாலியன். இங்கே இரண்டையும் என் வாய்க்கு வரும் தமிழில்தான் சொல்கிறேன்.

அவருடைய படுக்கையறையில் இன்னொரு படம் இருந்தது. பள்ளிச் சீருடையில், இரட்டைப் பின்னலோடு, முன்பல் இல்லாமல் சிரிக்கும் ஒரு சிறுமி. யார் என்று ஒருமுறை கேட்டேன்.

"என்ரை தங்கச்சி" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

எனக்குக் கேள்வி கேட்கும் வாய் கொஞ்சம் நீளம். ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். நான் அங்கே வேலை செய்த இத்தனை வருடங்களில் இங்கிலாந்திலிருந்து ஒரு போன் வந்ததில்லை. நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு வாழ்த்து அட்டை வந்ததில்லை. சகோதரம் உயிரோடு இருந்தால் இப்படியா இருக்கும்? பாவம், சின்ன வயதிலேயே போய்விட்டாள் போலிருக்கிறது என்று நானே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். நான் முடிவுக்கு வந்தால் பிறகு அதை யாராலும் அசைக்க முடியாது. என் கணவரைக் கேட்டால் சொல்வார்.

நவம்பர் வந்தது. சகல ஆன்மாக்கள் தினம் இந்த ஊரில் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். கடைக் கண்ணாடிகளுக்குப் பின்னால் சீனிப் பொம்மைகள் நிற்கும். வாதுமை மாவில் செய்த பழங்கள் உண்மையான தோடம்பழத்தைத் தோற்கடித்துக்கொண்டு அடுக்கியிருக்கும். செத்தவர்கள் வந்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் பரிசு வைத்துவிட்டுப் போகிறார்கள் என்று இங்கே ஒரு நம்பிக்கை. நாங்கள் மன்னார்க்காரர். எங்கள் செத்தவர்களின் கல்லறைகள் கடலுக்கு அப்பால் இருக்கின்றன. அதனால் வீட்டிலிருக்கும் படங்களுக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்துவோம். தமிழ்ப் பூசையில் வாசிப்பதற்குப் பெயர்களைக் கொடுப்போம்.

சிஞோராவுக்கு யார் இருக்கிறார்கள் இதையெல்லாம் செய்ய? அன்று காலை ஒரு பை நிறைய மெழுகுதிரி வாங்கிக்கொண்டு போனேன். அவர் எழும்புவதற்கு முன்னால் நடைவழிப் படங்கள் ஒவ்வொன்றின் கீழும் ஒன்று கொளுத்தி வைத்தேன். குளியலறைக்கு அவரைக் கூட்டிப்போனபோது படுக்கையறையின் மற்றக் கதவால் போனதால் அவர் காணவில்லை. அவர் உள்ளே இருந்த நேரத்தில் படுக்கையறைக்குப் போய் அந்தப் பல் விழுந்த சிறுமிக்கும் ஒன்று வைத்தேன். வைத்துவிட்டு எனக்கே கண் கலங்கியது.

குளித்து முடித்து, தடியை ஊன்றி நடைவழிக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இதென்ன?"

"உங்கடை ஆக்களுக்கு, சிஞோரா. இண்டைக்கு அவையின்ரை நாளெல்லோ."

அவர் தொப்பி வைத்த ஆயரைப் பார்த்தார். மெழுகுதிரியைப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் கண்டதில்லை.

"இவருக்கு நெருப்பு ஆகாது பிள்ளை. இவரை உயிரோடை எரிச்சவங்கள்."

அப்போதுதான் கதை வெளியே வந்தது. அந்தப் படங்களில் இருக்கும் ஒருவருக்கும் சிஞோராவுக்கும் சொட்டு இரத்த உறவு இல்லை. அவர்கள் அந்த ஊரில் பிறந்து பேர் எடுத்த பெரிய மனிதர்கள். ஆயர், அரசன் சொன்னதற்குத் தலையாட்ட மறுத்து எரிக்கப்பட்டவர். தொலைநோக்கிப் பெண் ஒரு மணிக்கூட்டுக்காரரின் மகள். சந்திரனில் இருக்கும் மேடு பள்ளங்களை எல்லாம் வரைந்தாளாம். அதற்கடுத்த படத்தில் இருப்பவர், காய்ச்சலுக்கு மருந்து கண்ட வைத்தியர். முறைத்துக்கொண்டிருந்த பொய்முடிக்காரர் கம்பளி வியாபாரி. சேர்த்த சொத்தில் பாதியை ஏழைக் கிழவிகளுக்கு வீடு கட்டக் கொடுத்துவிட்டு, மீதிப் பாதியைத் தன் தம்பியோடு வழக்காடியே அழித்தவர்.

"இவர் எங்கடை ஆள்தான்" என்றேன் நான். ஒரு வேலிக்காக மூன்று தலைமுறை வழக்காடியவர்கள் எங்கள் உறவிலும் இருக்கிறார்கள்.

கல்யாணம் முடித்து ஊரைவிட்டு வருவதற்கு முதல் நாள், கோவில் வாசலில் இருந்த கடையில் சிஞோரா இந்தப் படங்களை வாங்கினாராம். தகப்பனார் பள்ளிக்கூட அதிபர். கத்தோலிக்கனை, அதுவும் சிசிலிக்காரனைக் கட்டுகிறவளுக்கு வீட்டிலிருந்து ஒரு படமும் தரமாட்டேன் என்றுவிட்டார்.

"ஊரிலை இருந்து ஆரையாவது கொண்டுவரத்தானே வேணும்? இவை கோவிக்காத ஆக்கள்" என்றார் சிஞோரா. தங்கை தன் பள்ளிக்கூடப் படத்தை மட்டும் தகப்பனுக்குத் தெரியாமல் அக்காவின் பெட்டிக்குள் வைத்துவிட்டிருக்கிறாள்.

இதைச் சொல்லிக்கொண்டே படுக்கையறைக்குள் போனவர், சிறுமிக்கு முன்னால் எரிந்துகொண்டிருந்த திரியைக் கண்டார். முகத்திலிருந்த சிரிப்பு வற்றிவிட்டது.

"இதை ஆர் கொளுத்தினது?"

நான் ஆர்வக்கோளாறில் இன்னும் ஒரு படி மேலே போய், "பூசையிலை வாசிக்கவும் 'சிஞோராவின்ரை தங்கச்சி' எண்டு குடுத்திருக்கிறன்" என்றேன்.

அவர் விரலாலேயே திரியைக் கிள்ளி அணைத்தார். "அவள் உயிரோடை இருக்கிறாள்."

உயிரோடு இருக்கிற ஒருத்திக்கு ஆன்ம இளைப்பாற்றிச் செபம் கேட்கச் சொல்லிவிட்டேனே. ஆனால் வாய் சும்மா இருந்தால்தானே?

"கடைசியா எப்ப கதைச்சனீங்கள்?"

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். பிறகு, "இருக்கிறாள் எண்டுதான் நினைக்கிறன்" என்றார். "எனக்குத் தெரியாது."

உயிரோடு இருக்கிறவரைச் செத்துவிட்டார் என்று சொன்னால் ஆயுள் கூடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதை அவருக்குச் சொன்னேன். "அப்பிடியெண்டால் நல்லது" என்றார். அவருடைய குரலில் நம்பிக்கையும் இல்லை, கேலியும் இல்லை.

கோப்பி போட்டுக் கொடுத்தேன். குடித்துக்கொண்டே சொன்னார். தகப்பன் இறந்தபோது தங்கை செய்தி அனுப்பியிருக்கிறாள். அதே கிழமைதான் இங்கே கணவருக்குப் பெரிய சத்திரசிகிச்சை. சிஞோரா போகவில்லை. தங்கை போனில் ஒரே ஒரு வசனம் சொல்லியிருக்கிறாள். அப்பாவின் அடக்கத்துக்கு வராத நீ இனி இங்கே வராதே. அவ்வளவுதான். அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசவில்லை. அப்போது சிஞோராவின் தலைமுடி கறுப்பாம்.

"அவ சொன்னா, நீங்களும் கேட்டிட்டியளோ?" என்றேன்.

"அவள்தானே வராதை எண்டவள்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கள் ஊரில் 'இனி என் முற்றத்தை மிதியாதே' என்று கத்திய வாய், அடுத்த கிழமை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கும். நல்ல காரியத்துக்குச் சொன்னால்தான் போவோம், சாவீட்டுக்குச் சொல்லாமலே போவோம். பத்து வருடம் முகம் பார்க்காதவர்கள் கூட அங்கே வந்து ஒன்றாக இருந்து அழுது, கோப்பியும் குடித்துவிட்டுத்தான் போவார்கள். இவர்கள் என்ன மனிதர்கள்? எரிந்துபோன ஆயர் கடைசியாக என்ன சொன்னார் என்பது தெரியும், கூடப்பிறந்தவள் இருக்கிறாளா செத்தாளா என்பது தெரியாதா? இதையெல்லாம் அவர் முகத்துக்கு நேரே கேட்டும்விட்டேன். என் சந்தை இத்தாலியன் இப்படியான நேரத்தில்தான் சரளமாக வரும்.

அவர் கோபிக்கவில்லை. "கேட்கப் போய், செத்திட்டாள் எண்டு ஆராவது சொன்னால் நான் என்ன செய்யிறது?" என்றார். "கேக்காமல் இருக்கும்வரை அவள் இருக்கிறாள்."

அந்த வார்த்தை என்னை இருத்திவிட்டது. அது எனக்குத் தெரியாத கணக்கு இல்லை. போரின் கடைசி மாதங்களில் என் அண்ணன் காணாமல் போனான். அவனுடைய பெயரை நாங்கள் ஒரு நவம்பரிலும் பூசைக்குக் கொடுத்ததில்லை. கொடுத்தால் அவன் செத்தவனாகிவிடுவான். ஆனால் எங்களுக்குப் போய்க் கேட்பதற்கு ஒரு தெரு இல்லை, தட்டுவதற்கு ஒரு கதவு இல்லை. கேட்ட இடமெல்லாம் கையை விரித்தார்கள். இவருக்குக் கதவு இருக்கிறது. அது எந்தத் தெருவில் இருக்கிறது என்பதும் தெரியும். அன்று எனக்கு அவர்மேல் வந்ததில் பாதி இரக்கம், பாதி பொறாமை.

அண்ணனைப் பற்றி அவருக்கு அன்றுதான் முதலில் சொன்னேன். அவர் நெடுநேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு தங்களுடைய பிறந்த வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று சொன்னார்.

எங்கள் சனம் பாதி பலெர்மோவில் இத்தாலிய பாஸ்போர்ட் எடுத்த கையோடு இங்கிலாந்துக்கு ஏறிவிட்டது. என் கணவரின் கூடப்பிறந்தவள், என் மச்சாள், அப்படிப் போனவள்தான். சிஞோராவின் ஊர் அவளுக்கு ஒரு பஸ் தூரம். விஷயத்தைச் சொன்னதும், "விலாசத்தைச் சொல்லுங்கோ மச்சாள், ஞாயிறு எனக்கு லீவு" என்றாள். வம்பு என்றால் அவளும் என்னைப் போலத்தான்.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. நான் சிஞோராவின் வீட்டில்தான் இருந்தேன், விடுமுறை என்றும் பாராமல். சிஞோரா கதிரை நுனியில் இருந்தார். இரண்டு கையும் தடியின் மேல் இருந்தன.

"அந்த வீட்டிலை இப்ப வேறை ஆக்கள் இருக்கினம்" என்றாள் மச்சாள். சிஞோராவின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. "ஆனால் அவவைத் தெரியுமாம். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு கூட்டம் ஆக்களோடை வந்து எங்கடை வாசல் கேற்றடியிலை நிப்பா எண்டுகினம்."

"ஏன் நிக்கிறாவாம்?"

"ஊர் சுத்திக் காட்டுறவவாம். ஊரிலை பிறந்த பெரிய ஆக்களின்ரை வீடுகளைக் காட்டி அவையின்ரை கதை சொல்லுறதாம். காசு வாங்கிறேல்லையாம், சும்மா விருப்பத்துக்காம்."

நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். சிஞோரா கண்ணை மூடிக்கொண்டு "இருக்கிறாள்" என்றார். ஒரு தரம் சொல்லிவிட்டு, எனக்குக் கேட்கவில்லையோ என்று இன்னொரு தரம் சொன்னார்.

அத்தோடு அவர் போனை எடுத்துப் பேசியிருக்க வேண்டும் என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அவருக்கு இப்போது வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. "என்ரை குரலைக் கேட்டு அவள் போனை வச்சிட்டால்?" என்றார். "முதல் தூரத்திலை நிண்டு ஒருக்காப் பாப்பம். எங்கடை சத்தம் அங்கை கேக்கக் கூடாது."

அடுத்த சனிக்கிழமை மச்சாள் வேலையை இன்னொருத்தியோடு மாற்றிக்கொண்டு, அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாகப் போய் நின்றாள். எனக்கு வீடியோ அழைப்பு எடுத்து, போனை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டாள். இங்கே நான் எங்கள் பக்கத்துச் சத்தம் போகாமல் அமத்தி வைத்துவிட்டு, சிஞோராவுக்கு முன்னால் என் போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்தேன். யன்னலுக்கு வெளியே பலெர்மோவில் வெயில். போனுக்குள் மழை தூறியது.

சிவப்பு மழைக்கோட்டுப் போட்ட ஒரு ஒல்லிக் கிழவி, குடையை உயர்த்திப் பிடித்து ஆட்களைக் கூட்டினார்.

"அப்பாவின்ரை நடை" என்றார் சிஞோரா. "அப்பிடியே அப்பாவின்ரை நடை."

ஒவ்வொரு இடமாகப் போனார்கள். ஆயரின் வீடு. மணிக்கூட்டுக்காரரின் மகள் சந்திரனைப் பார்த்த மேல்மாடி. வைத்தியர் காய்ச்சல்காரரைக் கிடத்திய மண்டபம். நடைவழியில் நான் தூசு தட்டும் முகங்களுக்கெல்லாம் அங்கே கதவும் படியும் இருந்தன. பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலத்தில் எனக்குப் பாதி விளங்கியது. மீதியைச் சிஞோரா சொன்னார். இடையிடையே தங்கையைத் திருத்தவும் செய்தார்.

"அந்த யன்னல் இல்லை, பக்கத்து யன்னல். சின்னனிலை இருந்து பிழையாத்தான் சொல்லுவாள்."

கம்பளி வியாபாரி கட்டிய வீடுகளுக்கு முன்னால் தங்கை அந்த வழக்கின் கதையைச் சொன்னார். அண்ணனையும் தம்பியையும் ஒரே கோவிலில்தான் புதைத்தார்களாம், ஆனால் ஆளுக்கொரு மூலையில். கூட்டம் சிரித்தது. சொன்னவர் சிரிக்கவில்லை. இங்கே சிஞோராவும் சிரிக்கவில்லை.

கடைசியில் ஒரு சின்னத் தெருவுக்குள் திரும்பினார்கள். சிஞோரா என் மணிக்கட்டைப் பிடித்தார். இறுக்கிப் பிடித்ததில் எனக்கு நொந்தது. பச்சைக் கதவு வைத்த ஒரு வீட்டின் கேற்றடியில் தங்கை நின்று, குடையை மடக்கி, கூட்டம் வந்து சேரும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு நேரமும் செத்தவையைப் பற்றித்தான் சொன்னன்" என்றார். "இந்த வீட்டிலை பிறந்த ஒராள் உயிரோடை இருக்கிறா எண்டு நம்பிறன். இருபத்திமூண்டு வயசிலை, ஊர் முழுக்க வேண்டாமெண்டு சொல்ல, பாஷை தெரியாத தேசத்துக்கு ஒரு பெட்டியோடை வெளிக்கிட்டவ. என்ரை அக்கா."

கூட்டத்தில் ஒரு மனிதர், அவர் என்ன செய்து பேர் எடுத்தவர் என்று கேட்டார்.

தங்கை கொஞ்சம் யோசித்தார். "எனக்குச் சைக்கிள் ஓடப் பழக்கினவ" என்றார். "அவவும் இந்த ஊர்ப் பெரிய ஆக்களிலை ஒராள்தான். மற்றவையின்ரை மாதிரி அவவின்ரை பேரைச் சுவரிலை எழுத ஏலாது, அது செத்தவைக்குத்தான். அவ இன்னும் திரும்பி வரேல்லை."

சிஞோரா போனை நோக்கிக் கையை நீட்டினார். எந்த இடத்தைத் தொடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. நான் அமத்தி வைத்ததை எடுத்துவிட்டேன்.

"நீதானே வராதை எண்டனீ" என்றார் சிஞோரா.

மழைக்குள் நின்ற கூட்டம் முழுவதும் மச்சாளைத் திரும்பிப் பார்த்தது. தங்கை முதலில் பச்சைக் கதவைத்தான் பார்த்தார், குரல் வீட்டுக்குள்ளிருந்து வந்ததென்று நினைத்தார் போலிருக்கிறது. மச்சாள் ஒன்றும் சொல்லாமல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார். மழைத்தண்ணியைத் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு சிஞோராவைக் கூப்பிட்டார். அவர் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். என் தமிழில் அது அக்கா என்றுதான் வருகிறது.

"அக்கா, சின்னனிலை இருந்து நான் சொன்ன எதை நீ கேட்டனீ? இதை மட்டும் ஏன் கேட்டனீ?"

சிஞோரா தடியை ஊன்றி எழுந்து நின்றார். போனிலிருந்து கண்ணை எடுக்காமலே, அலுமாரியின் மேல்தட்டில் இருக்கும், இங்கிலாந்துக் குளிருக்குப் போடும் கம்பளிக் கோட்டைப் பூச்சி அரித்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்.